முழங்கை முறிவும் ஓட்டோ லீசிங்கும்

கேள்வி: என் கணவர் மேசன். ஐந்து கிழமைக்கு முதல் சாரத்திலிருந்து விழுந்து இடது முழங்கை மூட்டு நொறுங்கிவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்து இரண்டு பிளேட் வைத்தார்கள். கை பாதிதான் மடங்குகிறது. என்னிடம் எட்டுப் பவுன் இருக்கிறது. அதை அடைவு வைத்து முற்பணம் கட்டி லீசிங்கில் ஓட்டோ எடுத்தால் அடுத்த மாதமே ஓடலாம் என்கிறார். கொந்தராத்துக்காரர் ஒரு தொகை தந்து, இனி ஒன்றும் கேட்கமாட்டோம் என்று கையெழுத்துக் கேட்கிறார். என்ன செய்ய? – களுவாஞ்சிக்குடி வாசகி

பதில்: தங்கச்சி, ஓட்டோவை இப்போதைக்கு விடுங்கள். கிளச்சும் கியரும் இடது பிடியில்தான், கிளச்சை அமுக்கிக்கொண்டே பிடியை முறுக்க வேண்டும். மட்டக்களப்பு டவுனுக்கு ஒரு ஹயர் போய்வர அதை எத்தனை தரம் செய்ய வேண்டும் என்று அவரையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து கிழமைக் கையால் முடியாது, ஆனால் லீசிங் தவணை முதல் மாதமே வந்து நிற்கும்.

முழங்கை பொல்லாத மூட்டு. மூட்டுக்குள்ளேயே உடைந்தால், ஒப்பரேஷன் நன்றாக முடிந்தாலும் இறுகிப்போகப் பார்க்கும். எலும்பு பொருந்தவே மூன்று மாதமளவு ஆகும், மடக்கி நீட்டுவது அதற்குப் பிறகும் ஒரு வருடம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடலாம். கை பழையபடி முழுக்க நீளாமல் போவது சாதாரணம். அதற்காகப் பயப்பட வேண்டாம். முழு நீட்டலுக்கு 30 பாகை குறைவாக நின்று 130 பாகை வரை மடங்கினால் சாப்பிட, முகம் கழுவ, சட்டை போட, பெரும்பாலான அன்றாட வேலைக்குப் போதும் என்பதுதான் வைத்தியர்கள் வைத்திருக்கும் அளவு. ஆனால் மேசன் வேலை அன்றாட வேலை இல்லையே! சீமெந்துத் தாச்சி தூக்கவும், சீலிங்குக்கு அண்ணாந்து பூசவும் அந்தக் கை வருமா என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. ஆகவே அந்தக் கையை நம்பி மாதத் தவணை எதிலும் மாட்ட வேண்டாம்.

காசை முதலில், கையை மடக்கி நீட்டிப் பழக்கும் பிசியோ சிகிச்சைக்கு ஆஸ்பத்திரி போகும் பஸ்ஸுக்கு ஒதுக்குங்கள். சிகிச்சை அங்கே இலவசம், போய்வருவதும் அன்றைக்குச் சாப்பாடும்தான் செலவு, அதைப் பார்த்து நாள் தவறவிடுகிறவர்கள்தான் பிறகு இறுகின கையோடு இரண்டாவது ஒப்பரேஷனுக்கு அலைகிறார்கள். எங்கள் மாமா ஒருவர் மூன்றாம் கிழமையே எண்ணெய் போட்டு இழுத்து உருவுகிற இடத்துக்குப் போனார், வீங்கி முன்னையைவிட இறுகிப்போனதுதான் மிச்சம். காசும் போனது. வலுக்கட்டாயமாக உருவினால் மூட்டைச் சுற்றி வேண்டாத எலும்பு வளரும் ஆபத்து உண்டு. புக்கை, எண்ணெய் எதுவானாலும் கிளினிக்கில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சின்னவிரல் விறைத்தால் அதையும் சொல்லுங்கள், அந்த நரம்பு முழங்கையை ஒட்டித்தான் போகிறது.

வீட்டுச் செலவை ஆறு மாதத்துக்குக் கணக்குப் பாருங்கள். நகையை முழுதாக வைக்காமல் தேவைக்கு இரண்டு பவுன், அதுவும் வங்கியில் மட்டும். தெருவில் நூற்றுக்கு ஐந்து, பத்து என்று மாத வட்டிக்குத் தருகிறவரிடமும் கிழமைக் கிழமை வாசலுக்கு வரும் நுண்கடனிடமும் போகாதீர்கள்.

அப்புறம் அந்தக் கையெழுத்து. இதுதான் அவசரம். போடாதீர்கள். வேலை செய்யும்போது விழுந்தவருக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. உழைக்கும் சக்தி நிரந்தரமாக எவ்வளவு குறைந்தது என்பதை வைத்தும் தொகை போடுவார்கள், அந்தக் குறைவு கை ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் சரியாகத் தெரியும், அதற்குத்தான் கொந்தராத்துக்காரருக்கு இந்த அவசரம். காசைத் தந்தால் நட்டஈட்டுக்கான முற்பணம் என்று எழுதி வாங்குங்கள். ஆனால் முறைப்பாட்டைப் பிந்தவிடாமல் இந்தக் கிழமையே தொழில் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், எக்ஸ்ரே, கூட வேலை செய்த இருவரின் பெயர், சம்பளம் எழுதின துண்டு இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டுக் கொண்டுபோங்கள்.

ஆறாம் மாதம் கை எவ்வளவு மடங்குகிறது, ஒரு வாளித் தண்ணீர் தூக்குகிறாரா என்று எழுதுங்கள். அப்போது ஓட்டோக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.