வாசகர் கேள்வி – பதில்: போலோ இல்லாத போலோ கிளப்

கேள்வி: குதிரைமீது அமர்ந்து நீண்ட கோலால் பந்தை அடித்து ஆடும் போலோவின் விதிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் லண்டன் ஹர்லிங்ஹாம் கிளப்பின் பெயர் வருகிறது. அதன் வரலாறு என்ன? இன்று அங்கே போட்டிகளைப் பார்க்க முடியுமா?
– வாசகர், தஞ்சாவூர்.

பதில்: முடியாது. 1939-ஆம் ஆண்டுடன் கிளப்புக்குள் போலோ நின்றுவிட்டது. கிளப் தொடங்கப்பட்டதும் போலோவுக்காக அல்ல. ஃபுல்ஹாம் பகுதியில், தேம்ஸ் நதிக்கரையில், வில்லியம் கடோகன் என்ற மருத்துவர் 1760-இல் கட்டிய இல்லத்தில் 1869-இல் உருவான இந்த கிளப்பின் முதல் பொழுதுபோக்கு, புறா சுடுவது. பெட்டியில் அடைத்த உயிருள்ள புறாக்களைத் திறந்துவிட்டு, அவை மேலெழும்பும்போது சுடுவார்கள். 1905-இல் அந்த வழக்கம் ஒழிந்தது. ஆனால் கிளப்பின் சின்னத்தில் புறா இன்றும் இருக்கிறது. சுட்டுத் தள்ளியவர்களே அதைச் சின்னமாக்கிக்கொண்டது விந்தைதான்!

மணிப்பூர் மக்கள் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த போலோ ஆட்டத்தைக் கற்றுக்கொண்ட ஆங்கிலேயர்கள் 1859-இல் அசாமின் சில்சாரில் ஒரு போலோ கிளப் அமைத்தார்கள். அடுத்த பத்தாண்டுகளுக்குள் ஆட்டம் இங்கிலாந்துக்குச் சென்றது. 1874-இல் ஹர்லிங்ஹாமில் போலோ தொடங்கியது. விதிகளை எழுதி வெளியிட்டதால், பிரிட்டிஷ் பேரரசு முழுவதற்கும் இந்த கிளப்பின் சொல்லே இறுதியானது. ஓர் அணிக்கு ஐந்து பேர் என்றிருந்ததை நான்காகக் குறைத்ததும், குதிரையின் உயரத்துக்கு வரம்பு வைத்து, முதல் உலகப் போருக்குப் பின் அதை நீக்கியதும் ஹர்லிங்ஹாமே. 1908 ஒலிம்பிக் போலோவும் இங்குதான் நடந்தது. ஆடியவை மூன்றே அணிகள். சொந்த மண்ணில் ஆடிய ஹர்லிங்ஹாம் அணியை முதலில் வென்ற, லண்டனின் மற்றொரு கிளப்பான ரோஹாம்ப்டனின் அணி, இறுதிப் போட்டியில் அயர்லாந்தையும் வென்று தங்கம் பெற்றது. 1933-இல் ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் மான் சிங்கின் அணி இங்கிலாந்துக்கு வந்து, அந்தப் பருவத்தின் பெரிய கோப்பைகளை எல்லாம் அள்ளிச் சென்றதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது ஆடுகளங்கள் காய்கறித் தோட்டங்களாயின. போருக்குப் பின், வீடில்லாமல் தவித்த நகரத்துக்காக அன்றைய நகர நிர்வாக அமைப்பான லண்டன் கவுன்டி கவுன்சில் அவற்றைக் கட்டாயமாகக் கையகப்படுத்தியது. ஒரு களத்தில் சல்லிவன் கோர்ட் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது. மற்றொன்று ஹர்லிங்ஹாம் பார்க் என்ற பொதுப் பூங்காவானது. பணக்காரர்களின் ஆடுகளம் ஏழைகளுக்கு வீடானதில் எனக்கு வருத்தமில்லை.

எஞ்சிய சுமார் 42 ஏக்கரில் புல்தரை டென்னிஸ், குரோக்கே (மரச் சுத்தியலால் பந்தைத் தட்டி வளையங்களுக்குள் செலுத்தும் ஆட்டம்), கிரிக்கெட், நீச்சல்குளம், விருந்து மண்டபங்கள் எனச் சகல வசதிகளும் உள்ளன. உறுப்பினராவதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். போலோதான் வேண்டுமென்றால் லண்டனுக்கு அருகே வின்ட்சரில் 1955-இல் தொடங்கப்பட்ட கார்ட்ஸ் போலோ கிளப்புக்குச் செல்லுங்கள். அங்கே கோடைக்காலப் போட்டிகளைப் பொதுமக்களும் பார்க்கலாம்.