மேற்பார்வையாளர் இல்லாத வேலை: வாசகர் கேள்வி – பதில்

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் செக்கிங் பிரிவில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்த நான், கடந்த எட்டு ஆண்டுகளாக யூடியூபில் தையல் வகுப்பு நடத்தி வருவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: தனியார் பள்ளியில் கணித ஆசிரியராக இருக்கிறேன். பத்தாம் வகுப்புக் கணக்குகளை விளக்கி ஓராண்டில் 58 வீடியோக்கள் போட்டும் 410 சந்தாதாரர்கள்தான் சேர்ந்திருக்கிறார்கள். முழு நேரமாக இறங்கினால்தான் வளரும் என்கிறார்கள் நண்பர்கள். வேலையை விட்டுவிடலாமா அக்கா? – வாசகர், நாமக்கல்

விட வேண்டாம். நீங்கள் கணக்கு ஆசிரியர் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். யூடியூபில் விளம்பர வருமானம் பெற ஆயிரம் சந்தாதாரர்களும், கடைசிப் பன்னிரண்டு மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் என்னும் குறு வீடியோக்கள் வழியாக வருவதென்றால் 90 நாட்களில் ஒரு கோடிப் பார்வைகள் வேண்டும். பாடம் நடத்துகிறவருக்கு அந்த வழி சரிப்படாது. 4,000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடங்கள். ஒருவர் சராசரியாக நான்கு நிமிடம் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டால், உங்கள் பாடங்கள் ஓராண்டில் 60,000 முறை திறக்கப்பட வேண்டும். அதைத் தாண்டிய பிறகும் வீடியோவில் வரும் விளம்பரப் பணத்தில் 55 விழுக்காடுதான் உங்கள் பங்கு. உங்கள் வருமானக் கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிசெய்ய ஒரு பின் எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும், அதுவும் அடுத்த மாதம் 21-ஆம் தேதிக்கு மேல். எனக்கு அந்தத் தாள் வந்த அன்று தபால்காரர், "வெளிநாட்டில் யாரம்மா இருக்கிறார்கள்?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

உங்கள் பாடங்களுக்கான கூட்டம் பொதுத்தேர்வு நெருங்கும்போது ஏறி, தேர்வு முடிந்த மறுவாரமே இறங்கிவிடும். பள்ளிச் சம்பளத்தைப் போல அது முதல் தேதிக்கு வந்து நிற்காது. ஓராண்டு வீட்டுச் செலவுக்கான பணம் கையிருப்பில் சேரும் வரையிலாவது பள்ளியும் வீடியோவும் சேர்ந்தே இருக்கட்டும்.

நண்பர்கள் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. நேரம் அதிகமாகக் கிடைத்தால் வேலை அதிகமாக நடக்கும் என்று நானும் நம்பித்தான் நிறுவனத்தை விட்டேன். காலை எட்டரைக்குச் சங்கு ஊதினால் உட்கார்ந்து, மாலையில் ஊதினால் எழுந்து பழகியவளுக்கு, சங்கே ஊதாத நாளை எப்படி நடத்துவதென்று தெரியவில்லை. பகல் முழுவதும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கைப்பேசியைத் திறந்து திறந்து பார்ப்பேன். அந்தக் குற்ற உணர்ச்சியில் இரவு பன்னிரண்டு மணி வரை எடிட்டிங் செய்வேன். நிறுவனத்தில் ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை, பார்த்தால் கூலி உண்டு. வீட்டில் எனக்கு நானே ஓ.டி. போட்டுக்கொண்டால் யார் கூலி கொடுப்பது? இரவு ஏழரைக்கு மேல் கைப்பேசியை மாமியாரின் அறையில் வைத்துவிடுவது என்ற பழக்கத்துக்கு வந்து சேர எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அதை நீங்கள் வேலையில் இருக்கும்போதே பழகிக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் ஒரே கொட்டகைக்குள் வைக்காதீர்கள். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக்கும் அதில் போய்விட்டது. எங்கள் தெருவில் மாவு வியாபாரம் செய்யும் ஒரு பெண்ணுக்கு அங்கே இருந்த ஆயிரக்கணக்கான ரசிகர்கள் ஓரிரு நாளில் இல்லாமல் போனார்கள். ஆனால் மாவு வாங்கியவர்களின் கைப்பேசி எண்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் அவர் எழுதி வைத்திருந்தார், வியாபாரம் நிற்கவில்லை. உங்களிடம் சந்தேகம் கேட்கும் மாணவர்களின் பெற்றோர் சம்மதித்தால், அவர்களின் எண்களைக் குறித்து வையுங்கள்.

கேள்வி: என்ன கேமரா வாங்கலாம்? – வாசகி, தேனி

கையில் இருக்கும் கைப்பேசி போதும். முதல் இரண்டாயிரம் ரூபாயைச் சட்டையில் குத்தும் மைக்குக்குச் செலவிடுங்கள். படம் சுமாராக இருந்தால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் போய்விடுவார்கள்.

கேள்வி: பதிவு செய்த என் குரலைக் கேட்டாலே கூச்சமாக இருக்கிறது. போதாக்குறைக்கு, என் கிராமத்துப் பேச்சைக் கிண்டல் செய்து கமெண்ட் போடுகிறார்கள். – வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

குரலைப் பற்றிய கூச்சம் எல்லோருக்கும் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. நாம் பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமல்லாமல் தலை எலும்பு வழியாகவும் நம் காதுக்குள் செல்வதால், நமக்கு அது கனமாகக் கேட்கிறது. பதிவில் அந்தக் கனம் இருப்பதில்லை. மற்றவர்கள் என்றைக்குமே கேட்டு வந்தது அந்தப் பதிவில் உள்ள குரலைத்தான். அவர்களுக்கு அது பழகிய குரல்.

கிராமத்துப் பேச்சைப் பற்றிக் கவலைப்படும் நீங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர் என்பதுதான் வேடிக்கை. 2018-இல் உங்கள் மாவட்டத்துக் கிராமத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் அடுப்பு மூட்டித் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டது. தமிழில் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியது அவர்கள்தான். அவர்கள் யாரைப் போலவும் பேச முயலவில்லை. அதற்காக உங்களுக்கும் ஒரு கோடி வரும் என்று நான் சொல்லவில்லை, பேச்சு தடையாக இருக்காது என்று மட்டும் சொல்கிறேன். கமெண்டுகளைப் பொறுத்தவரை, வேலையைக் குறை சொல்வதை இரண்டு முறை படியுங்கள். ஆளைக் குறை சொல்வதை மறைத்துவிடுங்கள். பதில் எழுத ஆசை வரும். எழுதிய நாட்களில் என் தையல் கோணலாகத்தான் போனது.

கேள்வி: ஒரு நிறுவனம் தன் தையல் இயந்திரத்தை இலவசமாக அனுப்புகிறது, பதிலுக்கு ஒரு வீடியோ போடச் சொல்கிறது. பணம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. – வாசகி, மதுரை

கேளுங்கள். எனக்கும் நாக்கு எழவில்லை. முதல் முறை "நீங்கள் பார்த்துக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு, ஒரு நூல்கண்டுப் பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு வீடியோவுக்கு எத்தனை நாள் உழைப்பு, துணிக்கும் மின்சாரத்துக்கும் எவ்வளவு என்று தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் தொகையைச் சொல்லும் தைரியம் வந்தது. சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த அரை நிமிட அமைதிக்குப் பயந்து நாமே குறைத்துவிடுகிறோம்.

இலவசம் என்பது முழுக்க இலவசமும் அல்ல. ஓராண்டில் ஒரு நிறுவனம் தொழில் தொடர்பாக உங்களுக்குத் தரும் பொருள்களின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால், அதற்குப் பத்து விழுக்காடு வரிப்பிடித்தம் உண்டு என்ற விதி 2022 ஜூலை முதல் இருக்கிறது. படம் பிடித்துவிட்டு இயந்திரத்தைத் திருப்பி அனுப்பினால் அந்தச் சிக்கல் இல்லை. மேலும், பணம் வாங்கினாலும் பொருள் வாங்கினாலும் அதை வீடியோவுக்குள்ளேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. கீழே குறிப்பில் ஒளித்து எழுதுவது போதாது. இயந்திரம் நன்றாக இல்லையென்றால் அதையும் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பணத்தை விடுங்கள் அக்கா, இந்த வேலை உங்களை எந்த வகையில் மாற்றியது? – வாசகி, கும்பகோணம்

ஒரு ரவிக்கையைப் பற்றிச் சொல்கிறேன். நான்காவது ஆண்டில் 36 அளவுக்கு லைனிங் ரவிக்கை வெட்டும் முறையைக் காட்டினேன். மார்புச் சுற்றளவில் நான்கில் ஒரு பங்கு ஒன்பது அங்குலம்; தையலுக்கும், பிறகு பிரித்துவிடுவதற்கும் ஒன்றரை அங்குலம் சேர்த்துப் பத்தரையில் வெட்ட வேண்டும். என் கை பத்தரையில்தான் வெட்டியது. வாய் ஒன்பது என்றது. மூன்று வாரம் கழித்து ஓர் அம்மா எழுதினார். மகள் முகூர்த்தப் பட்டின் ரவிக்கைத் துண்டை, என் பேச்சை மட்டும் கேட்டு ஒன்பதில் வெட்டிவிட்டார். சேலையோடு சேர்த்து நெய்த துண்டு, கடையில் போய் இன்னொன்று வாங்க முடியாது.

நிறுவனத்தில் என் மேசைக்கு வரும் பீஸில் பிழை இருந்தால், தைத்தவரின் பெயரைக் குறித்துத் திருப்பி அனுப்புவேன். பதினோரு ஆண்டுகள் அடுத்தவர் பிழையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள் நான். இப்போது தைத்தவளும் நான், செக்கிங்கும் நான், திருப்பி அனுப்ப எனக்குப் பின்னால் யாரும் இல்லை. அந்த வீடியோதான் அப்போது அதிகம் ஓடிக்கொண்டிருந்தது. யூடியூபில் போட்ட வீடியோவின் இடத்தில் திருத்திய வீடியோவை மாற்றி வைக்க முடியாது. நீக்கினால் அதன் பார்வைகளும் போய்விடும். ஒரு வரி கமெண்ட் போட்டு மேலே நிறுத்திவைத்தால் போதும் என்று இரண்டு நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் துணியும் கத்தரிக்கோலும் கையில் இருக்கிறவர் கமெண்டையா படித்துக்கொண்டிருப்பார்? மூன்றாம் நாள் நீக்கிவிட்டு, என்ன தவறு செய்தேன் என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிப் புதிதாக எடுத்துப் போட்டேன். பழைய வீடியோவுக்கு வந்த கூட்டத்தில் பாதிகூடப் புதியதற்கு வரவில்லை. அந்த அம்மாவின் துண்டுக்குப் பக்கவாட்டில் பட்டை கொடுத்து அகலப்படுத்தும் வழியைப் படம் வரைந்து அனுப்பினேன். கல்யாணத்துக்கு அந்த ரவிக்கையைத்தான் அந்தப் பெண் போட்டிருந்தாள்.

அதன்பிறகு ஒவ்வொரு பதிவு முடிந்ததும் படத்தை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் ஓடவிட்டு, நான் சொல்வதை மட்டும் கேட்டுப் பழைய செய்தித்தாளில் வெட்டிப் பார்க்கிறேன். அந்த அம்மா இன்றும் ஒவ்வொரு புது வீடியோவுக்கும் முதல் ஆளாக வந்து ஒரே ஒரு வரி எழுதுகிறார்: "காகிதத்தில் வெட்டிப் பார்த்தாயா கண்ணு?"