ஊசிமுனை: ஒரு சவுண்டு சர்வீஸ்காரரின் கேள்வி பதில்

கேள்வி: சபுராளியாக (வெளிநாட்டில் வேலை பார்த்தவராக) இருந்த மாமாவின் பெட்டியில், 'பிளாக் சபாத்' என்ற ஆங்கில ராக் குழு அதே பெயரில் போட்ட முதல் எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் பெரிய இசைத்தட்டு) ரெக்கார்டு ஒன்று கிடைத்தது. ஹெவி மெட்டல் என்கிற கனத்த ராக் இசையே இதிலிருந்துதான் பிறந்தது என்கிறார்கள். கேட்டால் மெதுவாகத்தான் போகிறது. அப்படி என்ன இருக்கிறது இதில்?
– வாசகர், கீழக்கரை

பதில்: தம்பி, முதல் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதன் பெயரும் 'பிளாக் சபாத்'தான். மழை, இடி, தூரத்து மணியோசை. பிறகு கிட்டாரில் மூன்றே சுரம். கீழ் ஸட்ஜம், மேல் ஸட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்திமத்தில் நின்று நடுங்கும். கல்யாணியில் நம்மை உருக்குகிற அதே மத்திமம்தான். அங்கே அதற்குக் காந்தாரமும் பஞ்சமமும் துணை நிற்கும். இங்கே துணைக்கு யாருமில்லை, அதனால்தான் வயிற்றைப் பிசைகிறது. மெதுவாகப் போகிறது என்கிறீர்களே, இந்தப் பாட்டின் கனமே அந்த நிதானம்தான். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே டிரம்ஸ் வாசிக்கும் பில் வார்டு விடுகிற இடத்தைக் கவனியுங்கள். பாட்டின் கடைசியில் வேகம் பிடிக்கும்போது, அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் அவிழ்ந்து ஓடும்.

கிட்டார் வாசிக்கும் டோனி ஐயோமி பர்மிங்ஹாம் தொழிலாளி. 17 வயதில், தகடு வேலை செய்யும் ஆலையில் இயந்திரம் அவருடைய வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. இடக்கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டியதே அந்த வலது கைதான். தீக்காயத்தால் இரண்டு விரல் முடங்கியும் வாசித்த கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் ரெக்கார்டை ஆலை மேற்பார்வையாளர் கொடுத்துக் கேட்கச் சொன்னார். ஐயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்கு மூடி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளைக் கட்டி வாசிக்க ஆரம்பித்தார். 1971-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் பல பாட்டுகளுக்குச் சுருதியையே மூன்று சுரஸ்தானம் இறக்கினார். தந்தி தளர்ந்தது, விரலுக்கு வலி குறைந்தது, ஒலி தடித்தது. இன்றைக்கு மெட்டல் வாசிக்கிற பிள்ளைகள் விரும்பி இறக்குகிற சுருதிக்குப் பின்னால் அந்தக் கை இருக்கிறது. மண்டபம் துறையில், விஞ்சில் சிக்கி விரல் நுனி போனவர்கள் வலை முடிச்சை வேறு மாதிரி போடுவதைப் பார்த்திருக்கிறேன். அதனாலோ என்னவோ, இந்த ரெக்கார்டை என்னால் வெறும் சத்தமாகக் கேட்கவே முடிந்ததில்லை.

உங்களுக்குக் கிடைத்த இந்த முதல் ஆல்பத்தை 1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில் பதிவு செய்து முடித்தார்கள். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது. அன்று ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்த டாம் ஆலம்தான் பிற்பாடு இன்னொரு மெட்டல் குழுவான ஜூடாஸ் பிரீஸ்டின் 'பிரிட்டிஷ் ஸ்டீல்' ஆல்பத்தைத் தயாரித்தவர்.

ரெக்கார்டின் நடு லேபிளைப் பாருங்கள். கறுப்பு வெள்ளைச் சுழி இருந்து, அது சுற்றும்போது கண்ணை உள்ளே இழுத்தால், உங்கள் கையில் இருப்பது வெர்டிகோ என்ற ரெக்கார்டு நிறுவனத்தின் பழைய பதிப்பாக இருக்கலாம். விற்றுவிடாதீர்கள்.

கேள்வி: மகன் இந்த 'பிளாக் சபாத்' குழுவின் பாட்டைத்தான் ஓயாமல் கேட்கிறான். சாத்தான் பாட்டு என்கிறார்களே, பயமாக இருக்கிறது.
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. குழுவின் பெயரிலேயே உள்ள அந்த முதல் பாட்டில் வருகிறவன் தீய உருவத்தைக் கண்டு நடுங்கி, கடவுளைக் கூப்பிட்டு அலறுகிறான். குழுவின் பாட்டு வரிகளைப் பெரும்பாலும் எழுதிய, குழுவில் ஒருவரான கீசர் பட்லர் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. 1971-இல் வந்த 'ஆஃப்டர் ஃபாரெவர்' பாட்டு விசுவாசத்துக்காகவே வாதாடுகிறது. அவர்கள் கழுத்தில் போட்டிருந்த அலுமினியச் சிலுவைகளைப் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் அப்பா செய்து கொடுத்தார். ஒருநாள் மகனோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் அவனையே அர்த்தம் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: ரெக்கார்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. கடற்காற்றுதான் காரணமா? எப்படித் துடைப்பது?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: காற்றில் உள்ள ஈரம்தான் காரணம். உள்ளுறைக் காகிதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதை முதலில் தூக்கிப் போடுங்கள். நம் கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் ஆகவே ஆகாது, காய்ந்ததும் உப்பு பள்ளத்திலேயே தங்கிவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டு, மெல்லிய துணியால் பள்ளம் போகும் வழியிலேயே துடையுங்கள், குறுக்கே வேண்டாம். லேபிள் நனையக் கூடாது. வெறும் டிஸ்டில்டு வாட்டரால் மறுபடி ஒருமுறை துடைத்து, நிழலில் நிறுத்தி வைத்துக் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். பிளாஸ்டிக் உள்ளுறை போட்டு, செங்குத்தாக அடுக்குங்கள்.

கேள்வி: தாத்தாவின் சாவி கொடுக்கிற கிராமபோனில் எல்.பி. போடலாமா?
– வாசகர், உச்சிப்புளி

பதில்: வேண்டவே வேண்டாம். அது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும், எல்.பி.க்கு 33⅓ போதும். அதன் இரும்பு ஊசியும், ஊசியைத் தாங்கி ஒலி எழுப்பும் சவுண்டு பாக்ஸின் கனமும் ஒரே ஓட்டத்தில் எல்.பி.யின் நுண்ணிய பள்ளத்தை உழுதுவிடும். தாத்தாவின் 78 ரெக்கார்டுகள் இருந்தால் அதில் போட்டுக் கேளுங்கள், பக்கத்துக்கு ஒரு புது ஊசி மாற்றி.