மொய் பாக்கியைக் கேட்பது எப்படி? கேள்வி பதில்

கீரமங்கலம், பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் பணம் திரட்டவே வைக்கும் மொய் விருந்துகளில், யார் எவ்வளவு செய்தார் என்று நோட்டு எழுதும் வாத்தியார் பதில் சொல்கிறார்.

கேள்வி: மாமா மகன் விருந்தில் 10,000 ரூபாய் மொய் செய்தோம். எங்கள் விருந்துக்கு அவர் வரவே இல்லை. உறவு கெடாமல் எப்படிக் கேட்பது?

பதில்: முதலில் நோட்டைப் புரட்டுங்க. அப்பா பேரில் வரவாகியிருக்கலாம், ஊர்ப் பேர் மாறியிருக்கலாம். நிஜமாகவே வராதது என்றால் பத்து நாள் பொறுத்து, அவர் வீட்டுக்கே போய், பெரியவரிடம் பேசுங்க: "நோட்டைச் சரிபார்த்தேன் மாமா, உங்க பேரைக் காணோம். எழுதினவர் விட்டுட்டாரோ என்னவோ." பழியை எங்கள் மேல் போடுங்க. அவருக்கு "ஆமா, ஒரு அவசரம், வர முடியல" என்று சொல்ல வழி கிடைக்கும். அடுத்த வாரம் பணம் வரும். பந்தியில் மட்டும் கேட்காதீங்க.

கேள்வி: திருப்பிச் செய்யக் கையில் காசில்லை. போகாமல் இருந்துவிடலாமா?

பதில்: கூடாது. விருந்துக்கு முன்பே போய், "இந்தத் தடவை பாதிதான் முடியும்ணே" என்று சொல்லிடுங்க. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்த பிறகு இங்கே திணறாத வீடு குறைவு, சொன்னால் புரிஞ்சுக்குவாங்க. பத்திரிகையை வாங்கிட்டு ஒளிவதுதான் பகை.

கேள்வி: வாங்கிய தொகையை அப்படியே கொடுத்தால் போதுமா?

பதில்: "கணக்கு முடிந்தது" என்று அர்த்தமாகும். உறவு தொடரணும்னா மேலே கொஞ்சம் புது நடை, அதாவது புது மொய், வையுங்க.

கேள்வி: மைத்துனர் பாக்கி வைத்திருக்கிறார்...

பதில்: முதல் பதிலைப் படிங்க. பந்தியில் கேட்காதீங்க.

கேள்வி: சென்னையிலிருந்து எழுதுகிறேன். மொய் அன்பளிப்புதானே? திருப்பிக் கேட்பதே அநாகரிகம்.

பதில்: உங்க ஊர்க் கல்யாணக் கவருக்கு அது சரி. இங்கே மொய் விருந்தில் கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. கறிச்சோறு போட்டு, வட்டியில்லாமல் முதல் திரட்டுகிறோம். போர் போட, பிள்ளையைப் படிக்க வைக்க, கடை வைக்க அந்தப் பணம்தான். திரும்பும் என்ற நம்பிக்கையில்தான் அவனவன் நகையை அடகு வைத்துக்கூடச் செய்கிறான்.

கேள்வி: அதே சென்னைக்காரன்தான். அப்படியானால் அது கடன். பத்திரம் எழுதி வாங்கலாமே?

பதில்: நோட்டு இருக்கிறதே! பத்திரம் என்றால் எவன் சாப்பிட வருவான்? கேட்கிற விதத்தில்தான் இங்கே எல்லாம் நிற்கிறது. அதைத்தானய்யா இவ்வளவு நேரம் சொல்றேன்.

கேள்வி: தங்கச்சிக்கு விவாகரத்து ஆகிவிட்டது. மாப்பிள்ளை பேரில் அவள் செய்த மொய்?

பதில்: நோட்டில் அவர் பேர்தான். அவரிடம் போகாதீங்க, மொய் வாங்கிய வீட்டாரிடம் பெண்கள் மூலம் சொல்லிப் பாருங்க. பெரும்பாலும் பிரித்துச் செய்வாங்க. இனிமேல் அவள் பேரிலேயே எழுதச் சொல்லுங்க.

கேள்வி: பாக்கிக்கு வழக்குப் போடலாமா?

பதில்: வக்கீலைக் கேளுங்க.

கேள்வி: பந்தியிலேயே கேட்டால் என்ன?

பதில்: அடுத்த கேள்வி.