அமெரிக்காவில் மதுவிலக்கு எப்படிச் சாத்தியமானது?

1920-இல் அமெரிக்கா மது தயாரிப்பையும் விற்பனையையும் எப்படித் தடை செய்ய முடிந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். பெண்கள் சங்கங்களும் தேவாலயங்களும் பல பத்தாண்டுகள் போராடியது உண்மைதான். ஆனால் பலர் கவனிக்காத காரணம் வருமான வரி. அதுவரை மத்திய அரசின் வருவாயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மது வரியிலிருந்தே வந்தது. அதை எந்த அரசு விடும்? 1913-இல் அரசியலமைப்பின் 16-ஆவது திருத்தம் வருமான வரிக்கு வழிவிட்டதும் அந்தப் பிடி தளர்ந்தது.

அப்புறம் முதல் உலகப்போர். பெரிய பீர் ஆலைகள் பல ஜெர்மன் வம்சாவளியினர் கையில் இருந்ததால், பீர் குடிப்பதே தேசத்துரோகம் போலப் பேசப்பட்டது. மதுக்கடைகளை (அங்கே ‘சலூன்’ என்பார்கள்) மூடப் போராடிய ‘சலூன் எதிர்ப்பு லீக்’ என்ற அமைப்பு இதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது (கெட்டிக்காரர்கள்!). 1919 ஜனவரியில், மதுவைத் தடை செய்யும் 18-ஆவது திருத்தம் மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்றது.

பெருமந்தம் எனப்படும் பொருளாதாரச் சரிவில் வருமான வரி வசூல் சரிந்ததும் மது வரியின் அருமை மறுபடி தெரிந்தது. 1933-இல் தடை நீங்கியது.