அப்டேட்டை நிறுத்தலாமா?

கேள்வி: அப்டேட் போட்டால் மெதுவாகிவிடும் என்று, ரிச்சி ஸ்ட்ரீட்டில் சர்வீஸ் செய்தவர் என் கம்ப்யூட்டரில் அதை நிறுத்திக் கொடுத்துவிட்டார். ஆன்டிவைரஸ் இருக்கிறதே, போதாதா?
- ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: போதாது சார். இன்றைக்கே அப்டேட்டைத் திரும்ப ஆன் செய்யுங்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியதே, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை, அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ்களுக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாமல் விட்ட கம்ப்யூட்டர்களில், யாரும் எந்த லிங்க்கையும் தொடாமலேயே, நெட்வொர்க் வழியாகத் தாவி ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. ஆன்டிவைரஸ் வாசலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் மாதிரி. கதவைச் சாத்துவது அப்டேட்தான்.

உங்களுடையது விண்டோஸ் 10 என்றால், அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 11-க்கு மாற முடியுமா பாருங்கள். பழைய மெஷின் ஏற்காவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற வேறு ஆபரேட்டிங் சிஸ்டம் போடலாம், தப்பே இல்லை.

அப்புறம், குடும்பப் படங்களை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, கழற்றித் தனியே வையுங்கள். செருகியே இருந்தால் இந்த மாதிரி வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஆன்லைன் மோசடியில் கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள்.