சிபாப் குழாயில் தண்ணீர் கட்டுகிறதா? வீட்டில் தைக்கும் துணி உறை பற்றிக் கேள்வி பதில்

தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கப்படும் சிபாப் மெஷினின் குழாயிலும் மாஸ்க்கிலும் தண்ணீர் கட்டுவது பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: உள்ளே ஓடும் காற்று குளிர்ந்து தண்ணீர் கட்டாமல் இருக்கக் குழாய்க்குத் துணி உறை போடலாம். மாஸ்க்கில் இருக்கும் சின்னத் துளைகளை எந்தத் துணியாலும் மூடக்கூடாது. வெளியே விடும் மூச்சிலுள்ள காபனீரொட்சைட் போகிற வழி அதுதான்.

கேள்வி (காத்தான்குடி): ராத்தா, வாப்பாக்கு மெஷின் குடுத்து ரெண்டு மாசம். சாமத்துல மூக்குல தண்ணி சொட்டுது எண்டு எழும்புறார். குழாய்க்குள்ள குளுகுளு எண்டு சத்தம். ஏசி 20ல போட்டுத்தான் படுக்கிறார். மெஷின் பழுதா?

பதில்: பழுது இல்லை. காற்றை ஈரமாக்க மெஷினில் இருக்கும் தொட்டியின் தண்ணீர் சூடாகி, காற்று 28 பாகையில் 85 வீத ஈரத்தோடு குழாய்க்குள் போகிறது என்று வையுங்கள். அதில் ஒரு கன மீற்றருக்கு ஏறக்குறைய 23 கிராம் நீராவி இருக்கும். 25 பாகைக்குக் கீழே குளிர்ந்ததும் அந்தக் காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது. 20 பாகையில் 17 கிராம்தான் தாங்கும். மிச்சம் 6 கிராம் குழாய்ச் சுவரில் துளித்துளியாக ஒட்டும். மாஸ்க் துளைகளால் வெளியேறும் காற்றையும் சேர்த்துக் குழாயில் நிமிடத்துக்கு 35 லீற்றர் ஓடினால், எட்டு மணித்தியாலத்தில் 17 கன மீற்றர். கணக்குப்படி 100 மில்லிலீற்றர் வரை சேரலாம். காற்று முழுதாக 20 பாகைக்கு இறங்காது என்றாலும், அதில் கால்வாசி நின்றாலே ஆளை எழுப்பக் காணும்.

உறை தைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே ஏசியை 25 அல்லது 26க்கு ஏற்றுங்கள். காற்று கட்டிலுக்கு நேரே அடிக்காதபடி தகட்டைத் திருப்புங்கள். மெஷினின் ஈர அளவை ஒரு படி குறையுங்கள். மெஷின் மெத்தை மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். அப்போது குழாயில் கட்டும் தண்ணீர் முகத்துக்கு வராமல் தொட்டிப் பக்கம் ஓடும். வெறும் நிலத்தில் மட்டும் வைக்க வேண்டாம், தூசியை இழுக்கும். ஒரு சின்ன ஸ்டூல் போதும். ஈர அளவைக் குறைப்பதில் பயம் வேண்டாம், அது சுகத்துக்கான அளவு. அழுத்த அளவு டொக்டர் சொன்னபடிதான் இருக்க வேண்டும், அதில் கை வைக்கக்கூடாது.

கேள்வி (கல்முனை): அக்கா, எங்கட வீட்டுல ஏசி இல்ல, ஃபேன் மட்டும்தான். எங்களுக்கும் உறை தேவையா?

பதில்: பெரும்பாலும் தேவையில்லை தம்பி. கடற்கரைக் காற்று இரவில் 27 பாகையும் 85 வீத ஈரமுமாக இருந்தால், அதிலேயே கன மீற்றருக்கு 22 கிராம் நீராவி இருக்கிறது. அதற்கு மேலும் தொட்டியைச் சூடாக்கினால் தண்ணீர் கட்டத்தான் செய்யும். சூட்டை நிறுத்தி மூன்று இரவு பாருங்கள். மூக்கும் தொண்டையும் காயாவிட்டால் அப்படியே விடலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்று வறளும், அப்போது ஒரு படி ஏற்ற வேண்டி வரலாம். மாரியில் விடியப்புறம் அறை குளிர்கிறபோது சிலருக்குத் தண்ணீர் கட்டும். குழாயைப் போர்வைக்குள் உடம்போடு ஒட்டி விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். ஃபேனைக் குழாய்க்கு நேரே வைக்காதீர்கள். ஓடுகிற காற்று குழாயின் சூட்டை வேகமாக இழுத்துவிடும்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): வீட்டுல தையல் மெஷின் இருக்கு. குழாய் உறைக்கு என்ன துணி, எவ்வளவு, எப்பிடித் தைக்கிறது எண்டு படிப்படியாச் சொல்லுங்கோ அக்கா.

பதில்: சூட்டைப் பிடித்து வைப்பது துணிக்குள் அடைபட்டு நிற்கும் காற்று. அதனால் பொசுபொசுவென்று இருக்கும் ஃபிளீஸ் துணிதான் முதல் தெரிவு. துணிக்கடையில் கிடைக்காவிட்டால் பிள்ளைகளின் ஃபிளீஸ் போர்வையோ, உள்ளே பஞ்சு வைத்த பழைய குளிர்ச் சட்டையோ எடுங்கள். ஃபிளீஸ் தண்ணீரையும் அதிகம் குடிக்காது. பருத்தித் துவாய் நனைந்தால் அதன் காற்றறைகளில் தண்ணீர் நிரம்பிவிடும்; பிறகு அது சூட்டைக் காக்காது, குழாயைக் குளிர்விக்கும்.

முதலில் உங்கள் குழாயை அளந்து பாருங்கள். சாதாரணக் குழாய் 1.8 மீற்றர் நீளம், வெளிச்சுற்று ஏறக்குறைய 8 செ.மீ. இரு முனையிலும் உள்ள ரப்பர் மூட்டு இன்னும் கொஞ்சம் பெருப்பம், 9 செ.மீ.க்கு மேல் வரும். உறை அந்த மூட்டைத் தாண்டிப் போக வேண்டும் என்பதால் துணியை 13 செ.மீ. அகலத்துக்கு வெட்டுங்கள். இரு பக்கமும் ஒவ்வொரு செ.மீ. தையலுக்குப் போக 11 செ.மீ. சுற்று கிடைக்கும். மெல்லிய குழாய் என்றால் அதன் மூட்டின் சுற்றளவோடு 4 செ.மீ. கூட்டுங்கள். நீளம் 176 செ.மீ.; முனை மடிப்புக்குப் போக 172 நிற்கும். மெஷின் பக்க மூட்டும் மாஸ்க் பக்கத்தில் சுழலும் மூட்டும் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் குறைவு. அகலவாக்கில் அதிகம் நீளாத துணி என்றால், 150 செ.மீ. அகலத் துணியில் 30 செ.மீ. வாங்கி இரண்டு கீலம் வெட்டி ஒட்டுப்போடலாம். துணியை இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் நீள்கிறதோ அது குழாயைச் சுற்றி வருவது நல்லது. நீளவாக்கில் இழுபட்டால் ஒரு மாதத்தில் உறை தொங்கி மாஸ்க் மேல் ஏறிவிடும்.

முதலில் இரண்டு முனையையும் 2 செ.மீ. மடித்துத் தையுங்கள். பிறகு நல்ல பக்கம் உள்ளே இருக்க நீளவாக்கில் மடித்து, மடிப்புக்குள் 2 மீற்றர் பருத்திக் கயிறு ஒன்றை விட்டு, கயிற்றின் ஒரு நுனியைத் துணியின் ஒரு முனையோடு கையால் குத்திக்கொள்ளுங்கள். அதன் பிறகு நீள ஓரத்தைத் தையுங்கள். முடிந்ததும் கயிற்றின் மறுநுனியை இழுத்தால் முழு உறையும் நல்ல பக்கம் வெளியே வந்துவிடும். இந்தக் கயிறு இல்லாமல் இவ்வளவு நீளமான ஒடுங்கிய உறையைப் புரட்டுவது பெரும்பாடு. சிக்சாக் தையல் இருந்தால் அதைப் போடுங்கள். நேர்த்தையல் மட்டும் உள்ள கால் மெஷின் என்றால் தையலை நீளமாக வைத்து, துணியை இலேசாக இழுத்துப் பிடித்துத் தையுங்கள். இல்லாவிட்டால் மாட்டும்போது நூல் அறும். ஊசி 14ஆம் இலக்கம், நிட் துணிக்கான உருண்டை முனை.

அடிக்கடி கழற்றிக் கழுவ விரும்பினால் மெத்தை உறைக்குப் போடும் நைலோன் சிப்பை மீற்றர் கணக்கில் வாங்கி, ஓரத்தில் வைத்துத் தையுங்கள். வெல்க்ரோவை நான் சொல்லமாட்டேன். கொக்கிப் பக்கம் படுக்கை விரிப்பையும் தலைமயிரையும் பிடிக்கும்.

மாட்டிய பிறகு மெஷினை ஓடவிட்டு மாஸ்க்கைப் போடுங்கள். நனைந்த புறங்கையைத் துளைகளின் முன் பிடித்தால் காற்றுக் குளிர்ச்சியாகப் பட வேண்டும். படாவிட்டால் உறை எங்கேயோ மூடியிருக்கிறது. சில மாஸ்க்கில் துளைகள் முன்பக்கம், சிலதில் வளைமூட்டைச் சுற்றி. குழாய் உச்சந்தலையில் மாட்டும் வகையில் அங்கேயும் பாருங்கள். மெஷினின் பின்பக்கம் காற்று எடுக்கும் வடிகட்டியையும் துணி தொடக்கூடாது.

கேள்வி (மருதமுனை): இங்க கைத்தறித் துணி தாராளமா இருக்கு. அதுல தைக்கலாமா?

பதில்: மேலுறைக்கு நல்லது, தனியாகப் போதாது. நெய்த துணி மெல்லியது, நீளாது, காற்றையும் பிடித்து வைக்காது. உள்ளே ஃபிளீஸ், வெளியே கைத்தறி என்று இரண்டையும் ஒன்றாக வைத்துத் தையுங்கள். அகலத்தை 15 செ.மீ. ஆக்குங்கள், நெய்த துணி இழுபடாததால் மூட்டைத் தாண்ட அந்த இடம் வேண்டும். சாயம் போகும் துணியை முதலில் இரண்டு முறை அலசுங்கள்.

கேள்வி (ஏறாவூர்): ஏசி பூட்டுற ஆக்கள் செப்புக் குழாய்க்குச் சுத்துற கறுப்பு ஸ்பொஞ்ச் சரிவருமா?

பதில்: சூட்டை நன்றாகக் காக்கும். ஆனால் விறைப்பானது. திரும்பிப் படுக்கும்போது குழாய் வளையாமல் மாஸ்க்கை இழுக்கும், ஓரத்தால் காற்றுக் கசியும், கண்ணில் அடிக்கும். மணமும் இருக்கும். வேண்டாம்.

கேள்வி (அக்கரைப்பற்று): உம்மாக்கு வாய் மூக்கு ரெண்டையும் மூடுற மாஸ்க். குழாய் காய்ஞ்சுதான் இருக்கு, ஆனா மாஸ்க்குக்கு உள்ள வேர்த்து, மூக்கடி எல்லாம் ஊறிப் புண் மாதிரி வருது. மாஸ்க்குக்கு மேல துணி சுத்தலாமா?

பதில்: மேலே சுற்றவே கூடாது தங்கச்சி. துளைகளோடு, இந்த வகை மாஸ்க்கில் இன்னொரு வால்வும் உண்டு. கரண்ட் போய் மெஷின் நின்றால் அது திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும். துணி அதை அடைத்தால் உம்மா தன் மூச்சையே திரும்பத் திரும்ப எடுக்க நேரும். இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து பரீட்சை பார்க்காதீர்கள்.

உங்கள் பிரச்சினை குழாயில் இல்லை. வெளிமூச்சு 34 பாகைச் சூட்டோடு நிறைய ஈரத்தையும் கொண்டு வருகிறது. குளிர்ந்த பிளாஸ்டிக்கில் பட்டதும் தண்ணீராகிறது. அதற்கு மாஸ்க்குக்கும் தோலுக்கும் இடையில் ஒற்றைத் துணி வைக்கலாம். மாஸ்க்கை ஒரு தாளில் கவிழ்த்து சிலிக்கோன் ஓரத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். அதற்கு வெளியே 1.5 செ.மீ. கூட்டி வெட்டுங்கள். உள்துளை சிலிக்கோன் வாயின் அதே அளவு. சிறிதாக வெட்டினால் துணி காற்றில் படபடத்து நனையும், மூக்குத் துவாரத்தையும் மறைக்கும். துணி, நன்றாகக் கழுவிப் பழகிய முழுப் பருத்தி டீசேர்ட். ஓரம் மடித்துத் தைக்க வேண்டாம். அந்தத் துணி பிரியாது. மடிப்பின் தடிப்புத்தான் கசிவையும் தோலில் தழும்பையும் உண்டாக்கும்.

துணி போட்டால் கசிவு கொஞ்சம் கூடும். மெஷின் திரையில் காலையில் பாருங்கள்; ரெஸ்மெட் மெஷின் என்றால் நிமிடத்துக்கு 24 லீற்றருக்குள் இருக்க வேண்டும். கூடினால் துணியைக் கழற்றுங்கள். மாஸ்க் வாரை இறுக்கிச் சமாளிக்கப் பார்த்தால் புண் இன்னும் ஆழமாகும். தோல் உரிந்திருந்தால் முதலில் டொக்டரிடம் காட்டுங்கள். மாஸ்க் அளவு பிழையாக இருப்பதும் இதற்கு ஒரு காரணம். மூக்குத் துவாரத்துக்குள் இருக்கும் சின்ன வகை மாஸ்க்குக்கு இந்தத் துணி சரிவராது.

கேள்வி (வாழைச்சேனை): எங்கட குழாயே சூடாகிற குழாய். அதுக்கும் உறை போட்டா இன்னும் நல்லம்தானே?

பதில்: மெஷினோடு வந்த கைநூல் அனுமதித்தால் தவிர, வேண்டாம். அந்தக் குழாயில் கம்பி ஓடுகிறது, சூட்டை அளக்கும் உணரியும் உண்டு. மூடினால் ஓரிடத்தில் சூடு தேங்கலாம். குழாய்ச் சூட்டை ஒரு படி ஏற்றி, தொட்டியின் ஈரத்தை ஒரு படி குறைத்தாலே போதும்.

கேள்வி (அம்பாறை): அப்பா ஒட்சிசனும் சேர்த்துத்தான் பாவிக்கிறார். ஃபிளீஸ் உறை போடலாமா?

பதில்: டொக்டரைக் கேட்காமல் வேண்டாம். ஒட்சிசன் ஊறிய துணி சட்டென்று பற்றும். அந்த அறையில் நுளம்புத்திரி, சாம்பிராணி, விளக்கு, சிகரெட் எதுவும் இருக்கக்கூடாது. ஒட்சிசன் இல்லாத வீட்டிலும் நுளம்புத்திரியை மெஷினுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், புகை முழுவதும் நெஞ்சுக்குள் போகும். நுளம்புவலை கட்டுங்கள்.

கேள்வி (செங்கலடி): தொட்டிக்கு பெற்றி வோட்டர் ஊத்தினாக் குழாய்ல தண்ணி கட்டாது எண்டு ஒராள் சொன்னார். உண்மையா?

பதில்: எந்தத் தண்ணீரும் ஆவியாகினால் ஒன்றுதான். பெற்றி வோட்டர் வாகன பற்றரிக்கு ஊற்ற விற்கும் தண்ணீர்; மூச்சுக்காகத் தயாரித்ததில்லை, ஊற்றாதீர்கள். பார்மசியில் காய்ச்சி வடித்த தண்ணீர் கேளுங்கள். கிடைக்காத நாளில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் ஊற்றலாம். கிருமி சாகும், ஆனால் உப்பு போகாது. கிணற்றுத் தண்ணீரில் தொட்டியடியில் வெள்ளைப் படிவு வரும். ஒரு பங்கு வெள்ளை வினாகிரி, ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள்.

கேள்வி (திருக்கோவில்): குழாய்ல நிக்கிற தண்ணியில கறுப்புப் புள்ளி கிடக்கு. மாமா வெளிநாட்டுல இருந்து அனுப்பின பழைய மெஷின்.

பதில்: இதற்கு உறை மருந்தில்லை. குழாயில் பூஞ்சணமாக இருந்தால் குழாயையே மாற்றுங்கள். பழைய மெஷின் என்பதால் இன்னொன்றையும் பாருங்கள்: 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் உள்ளிட்ட பல மெஷின்களைத் திரும்பப் பெற்றது. சத்தம் குறைக்க உள்ளே வைத்த ஸ்பொஞ்ச் உதிர்ந்து காற்றுக் குழாய்க்குள் வரக்கூடும் என்பது ஒரு முக்கிய காரணம். மெஷினின் பெயரையும் தொடர் இலக்கத்தையும் எழுதிக்கொண்டு, அடுத்த இரவுக்கு என்ன செய்வது என்று உடனே டொக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி (மட்டக்களப்பு நகர்): மாரியில உடுப்பே காயாது. உறையை எப்பிடிக் கழுவிக் காயவைக்கிறது? சும்மா விட்டா மணக்குது.

பதில்: மாஸ்க் துணி தினம் ஒன்று. ஆறு துணி வெட்டி வைத்தால் மழை நாளையும் சமாளிக்கலாம். குழாய் உறை கிழமைக்கு ஒருமுறை, தண்ணீர் பட்டால் அன்றைக்கே. மணமில்லாத சவர்க்காரம் போதும். துணி மென்மையாக்கும் திரவமும் டெற்றோலும் போடாதீர்கள், அந்த மணத்தை இரவு முழுக்க சுவாசிக்க வேண்டி வரும். ஃபிளீஸை முறுக்காமல் ஒரு துவாயில் சுருட்டி அமத்தினால் தண்ணீர் பெருமளவு போய்விடும், பிறகு ஃபேனுக்குக் கீழே கொடியில் நீளமாகத் தொங்கவிடுங்கள். பின்னேரத்துக்குள் காயும். வெயில் வந்தால் துணியை வெயிலில் போடலாம். குழாயையும் சிலிக்கோனையும் நிழலில்தான் காயவைக்க வேண்டும், வெயிலில் வெடித்துப் போகும். உறை ஈரமாக இருந்தால் அன்றிரவு உறை இல்லாமல் படுங்கள். காலையில் குழாயைக் கழற்றி ஒரு முனையைத் தாழப் பிடித்து உதறிவிட்டு, இரு முனையும் திறந்திருக்கத் தொங்கவிடுங்கள். தொட்டியில் மிஞ்சிய தண்ணீரையும் அப்போதே ஊற்றிவிடுங்கள்.